உடல் வருத்தமும் தவமும்

தில்லியின் அகாடாக்களில், அதாவது மல்யுத்தப் பயிற்சிக் களங்களில், மண் குழியருகே அனுமனை வழிபடுவதும், பிரம்மசரியம் காப்பதும், குருவின் சொல்லை விதியாகக் கொள்வதும் உடற்பயிற்சி அங்கே ஒரு சமய ஒழுக்கமாகவே வளர்ந்ததைக் காட்டுகின்றன. குரு அனுமன் நடத்திய அகாடா இம்மரபின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. உடலை வருத்துவதே புண்ணியமா என்னும் பழைய கேள்வியை இம்மரபு இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது.

பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம் தன்னைத்தானே வதைத்துச் செய்யும் தவத்தைத் தாமசம் என்று தாழ்த்துகிறது. கடும் பட்டினியைக் கைவிட்ட பிறகே புத்தர் ஞானம் பெற்றார் என்கிறது பௌத்தம். திருமூலரோ காயசித்தி உபாயம் என்று தனிப்பகுதியே வகுத்து, உடலைப் பேணுவதை ஞானத்தின் வழியாக்கினார். விளையாட்டு மருத்துவமும் இதே பக்கம்தான் நிற்கிறது. தசை சுருங்கும்போது இன்சுலினின் துணையின்றியே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்கிறது. ஆதலால் 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணித்த 10.1 கோடி இந்திய நீரிழிவு நோயாளர்களுக்கு நாள்தோறும் நடக்கும் நடையே மருந்தாகிறது, அதில் வலி இருந்தாக வேண்டும் என்பதில்லை.

வருத்தமின்றி வலிமை ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே; சுமையைத் தாங்கித்தான் தசை பெருக்கிறது, ஆனால் அது பெருப்பது சுமைக்குப் பின் வரும் ஓய்விலும் உணவிலும். அவ்விரண்டையும் மறுத்தால் என்ன நேரும் என்பதைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் ஆற்றல் பற்றாக்குறை நோய்க்கூறு என்று பெயரிட்டு விளக்கியது: பயிற்சிக்குச் செலவானது போக உடலின் அன்றாட இயக்கத்துக்கு ஆற்றல் மிஞ்சாதபோது வளர்சிதைமாற்றம் மந்தமாகிறது, இயக்குநீர்கள் குறைகின்றன, எலும்பு நலிகிறது. எடைப்பிரிவுக்காக உணவையும் நீரையும் விலக்கும் மல்லர்கள் இந்த விளிம்பிலேயே வாழ்கிறார்கள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 100 கிராம் கூடுதல் எடைக்காக இறுதிப்போட்டியை இழந்தபோது, நாடு பதக்கத்துக்காக அழுத அளவுக்கு அந்த உடல் பட்ட பாட்டுக்காக அழவில்லை.

வருத்தத்தைத் தவமாகக் கருதும் இதே மயக்கம் காயத்திலும் உண்டு. முழங்கால் ஜவ்வு, அதாவது எலும்புகளைப் பிணைக்கும் தசைநார், கிழிந்து அறுவை செய்துகொண்டவர் ஒன்பது மாதத்துக்குமுன் களம் திரும்பினால் மீண்டும் காயம்படும் வாய்ப்பு மிகுதி என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அவரை அவசரமாகக் களமிறக்கி, அதற்கு வீரம் என்று பெயர் சூட்டுவது தவமாகாது, வதையே ஆகும். ஓய்வையும் விரதத்தின் பகுதியாக அகாடாக்கள் ஏற்க வேண்டும். குருவின் சொல்லுக்கு நிகரான இடத்தை மருத்துவரின் சொல்லுக்கும் அங்கே அளிக்க வேண்டும்.