குறிப்புச் சீட்டின் தர்மம்

சாரற் காலத்தில் குற்றாலத்துக்குத் திரண்டு வரும் ஜனங்களில், பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடி, குற்றாலநாதரைத் தரிசித்து, சித்திரசபையின் சுவரோவியங்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்புகிறவர்களே மிகுதி. தொல்லியல் துறை அங்கே வைத்திருக்கும் அகழ்வைப்பகத்துக்குள் காலடி வைப்பவர் சிலரே. அந்தச் சிலரும் அங்குள்ள பழைய மட்கலங்களின் முன்னும் கற்சிற்பங்களின் முன்னும் நெடுநேரம் நிற்பதில்லை. இன்ன அரசன் ஏந்தியது, இன்ன அரசி அணிந்தது என்று சொல்லிக்கொள்ள அவற்றிற் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை. வனைந்த குயவனும் செதுக்கிய சிற்பியும் இன்னாரென்று அறிய வழியில்லாதபோது, பார்ப்பவன் மனம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

நம்முடைய வீராங்கனைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. பெயர் ஊரெங்கும் ஒலிக்கிறது, பொருளைத்தான் காணோம். சுதந்திர தின விழா மேடைகளில் வாளேந்தி நிற்கும் சிறுமியைப் பார்த்த மாத்திரத்தில் வேலுநாச்சியார் என்று கண்டுகொள்கிறோம். அந்த அம்மையாரின் வாழ்க்கைக்குச் சரித்திர ஆதாரம் உண்டு. 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கும்பெனிப் படையால் வீழ்ந்தபின், விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டு, 1796இல் காலமானவர் அவர். 2008இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். 2014இல் சிவகங்கையில் அரசு நினைவு மண்டபமும் எழுந்தது. ஆயினும் இன்று நம் கண்ணுக்குப் பழகிவிட்ட அவருடைய திருமுகமெல்லாம் பிற்காலத்தார் கைவண்ணமே.

குயிலியின் விஷயம் இதனினும் நுட்பமானது. விஜயதசமி நாளில் பெண்களோடு பெண்ணாகச் சிவகங்கைக் கோட்டைக்குள் புகுந்து, உடம்பில் நெய்யை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு, பகைவனின் வெடிமருந்துக் கிடங்கில் குதித்தாள் என்று சொல்லப்படும் அந்தப் பெண், வாய்மொழிக் கதையின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தவள். அவள் காலத்து எழுத்துச் சான்றைத் தேடிப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். உடலையே திரியாக்கிய பெண்ணின் கதையைக் கேட்டு மெய்சிலிர்க்கும் நாம், ராஜ்யத்தை மீட்டபின் உயிரோடிருந்து அதை நிர்வகித்த ராணியின் வருஷங்களைப் பற்றி அவ்வளவாக விசாரிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கலாம்.

இனி விவகாரத்துக்கு வருவோம். தென்காசிச் சீமையில் ஒரு பழைய வீட்டின் பரணிலிருந்து துருவேறிய வாள் ஒன்று கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அது நாச்சியார் ஏந்திய வாள் என்று அவ்வீட்டார் பாட்டன் காலத்திலிருந்து நம்பி வந்திருக்கிறார்கள். வேறு சான்று இல்லை. அந்த வாளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்போகிற அதிகாரி அதன் அடியிலே என்ன எழுதவேண்டும்? ‘பழைய வாள்’ என்று எழுதினால் நின்று பார்ப்பார் இல்லை. ‘வீராங்கனை வேலுநாச்சியாரின் வாள்’ என்று எழுதினாலோ, சாரலில் நனைந்து வந்த கூட்டம் உள்ளே திரும்பும். பெண் குழந்தைகள் கண்ணிமைக்காமல் பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தியின் நெஞ்சிலாவது தைரியம் துளிர்க்கும். இத்தனை நன்மை விளையுமாயின் இரண்டு சொற்களைக் கூட்டி எழுதுவதிலே பாபம் என்ன?

பெயருக்குள்ள சக்தி பக்தியோடு நின்றுவிடுவதன்று. 2023இல் லண்டன் ஏலத்தில் திப்பு சுல்தானின் வாள் ஒன்று ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பவுனுக்குப் போயிற்று. இரும்புக்கும் பொன் வேலைப்பாட்டுக்கும் மட்டும் யாரும் அந்த விலை கொடுத்துவிடமாட்டார்கள். திப்புவின் அரண்மனை அந்தரங்க அறைகளில் எடுக்கப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கிய ஜெனரல் டேவிட் பெயர்டுக்கு அளிக்கப்பட்டது என்ற கைமாறிய வரலாறு அதனோடு கூடவே வந்தது. ஆகவே, சான்றில்லாத பெயரைச் சூட்டத் தூண்டுவது தேசாபிமானம் மட்டுந்தானா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஸ்பெயின் தேசத்து அகுஸ்தினா என்னும் வீராங்கனையின் கதை இவ்விடத்தில் நமக்குப் பிரயோஜனமாகும். நெப்போலியனின் சேனை 1808இல் சரகோசா நகரை முற்றுகையிட்டபோது, போர்த்தில்லோ வாயிலில் பீரங்கி வீரர்கள் மாண்டு விழ, இருபத்திரண்டு வயதே நிரம்பிய இந்தப் பெண் எரியும் திரியை எடுத்துப் பீரங்கியைக் கொளுத்தினாள். நகரத்துத் தளபதி பலாபோக்ஸ் அவளுக்குப் பீரங்கிப் படையில் ஊதியம் அளித்தார். ஆங்கிலக் கவி பைரன் தம் கவிதையில் வைத்துப் போற்றினார். பெற்ற மகளே 1859இல் தாயை நாயகியாக்கி ஒரு நாவல் எழுதினாள். 1857இல் செயூத்தாவில் மரித்தவளின் அஸ்தியை 1870இல் சரகோசாவுக்குக் கொண்டுவந்து, முற்றுகையின் நூற்றாண்டான 1908இல் போர்த்தில்லோ தேவாலயத்தில் சேர்த்து, வெளியே சிலையும் நாட்டினார்கள். ஆதாரமும் பொருளும் இவ்வளவு நிறைந்த அவளைச் சித்திரமாக்க வந்த ஓவியர் கோயா என்ன செய்தார்? முதல் முற்றுகை முடிந்தபின் அவர் சரகோசாவுக்குப் போனார். ஆனால் அச்சம்பவத்தைக் கண்ணால் கண்டவர் அல்லர். யுத்தத்தின் கோரங்களைப் பற்றி அவர் செதுக்கிய அச்சோவியத் தொடரில், பிணங்களின்மேல் ஏறி நின்று பீரங்கிக்குத் தீ வைக்கும் பெண்ணின் முதுகுப்புறத்தையே காட்டினார், முகத்தைக் காட்டவில்லை. அவருடைய நோக்கம் எதுவாயினும் ஆகுக. காணாத முகத்தை எழுதாமல் விட்ட அந்தச் சித்திரம், அவளுக்குப் பல அழகிய முகங்களைத் தந்த பிற ஓவியங்களைவிட நெஞ்சைத் தொடுகிறது என்பதே இக்கட்டுரையின் அபிப்பிராயம்.

ஆனால் ஸ்பெயின் நாட்டவளுக்குப் படைத்தலைவனின் ஆணையும் ஊதியக் கணக்கும் இருந்தன. நம்மவர்களுக்கு அவை எங்கே இருந்தன? இங்கேதான் பெயர் சூட்டலாம் என்பாரின் வாதம் உண்மையாகவே பலம் பெறுகிறது. எழுத்தும் காகிதமும் யார் கையில் இருந்தனவோ அவர்களைக் குறித்தே சான்றுகள் மிஞ்சுகின்றன. கும்பெனியின் குமாஸ்தாக்கள் படைச் செலவையும் கிஸ்தி பாக்கியையும் எழுதிவைத்தார்களேயன்றி, தங்களுக்கு எதிராகத் திரண்ட குடியானவப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிவைக்க அவர்களுக்கு என்ன அவசியம்? அப்படியிருக்க, ‘காகிதம் கொண்டுவா, பிறகு உன் பாட்டியை நம்புகிறேன்’ என்று ஏழை ஜாதியாரிடம் கேட்பது, முன்பு எழுத்தைப் பறித்தவர்களோடு சேர்ந்துகொண்டு இன்று நினைவையும் பறிப்பதாகும். இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடுகிற சரித்திரக்காரன் நியாயவான் அல்லன்.

எனினும் இவ்வாதம் நிலைநாட்டுவது என்ன? வாய்மொழிக்கு மதிப்புத் தரவேண்டும் என்பதை நிலைநாட்டுகிறது. வாளுக்குப் பொய்ப்பெயர் தரலாம் என்பதை அது நிலைநாட்டவில்லை. குயிலியைப் பற்றி ஒரு கிழவி பாடும் கும்மிப்பாட்டு, யார் பாடியது, எந்த ஊரில், எந்த வருஷத்தில், யாரிடம் கற்றது என்ற விவரங்களோடு பதிவாகுமானால், அதுவே அரும்பொருள். கண்ணாடிப் பேழைக்குள் இரும்பைப் போலவே வீற்றிருக்கத் தகுந்தது. பாட்டை நம்பாமல், அதற்கு முட்டுக்கொடுக்க யாருடையதோ ஒரு வாளைக் கொண்டுவந்து சாத்துகிறவன்தான் கிழவியின் சொல்லை அவமதிக்கிறான். ஒரு நாள் அந்த வாள் பிற்காலத்தது என்று நிரூபணமானால், வாளோடு சேர்ந்து பாட்டும் பொய்யென்று தள்ளப்படும். வாளில்லாமலே நின்றிருக்கக்கூடிய குயிலியும் அதனோடு விழுவாள்.

கற்பனையே கூடாதென்பதல்ல நம் கட்சி. இதே மண்ணில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்கமன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதை மெச்சி நிலம் மானியம் விட்டார். குறவஞ்சிமேடு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அந்நூலின் நாயகி வசந்தவல்லி பந்தாடிய பந்து இதோ என்று யாரேனும் ஒன்றைக் காட்டினால் குழந்தையும் சிரிக்கும். அவள் காவியத்தில் பிறந்தவள் என்பது எல்லோர்க்கும் தெரிந்திருப்பதால் அவளால் யாரும் வஞ்சிக்கப்படுவதில்லை. தென்காசிக் கோபுரமும் அப்படியே. பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த விசுவநாதர் கோயிலின் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990இல் புதிதாக எழுந்து குடமுழுக்குக் கண்டது. அந்த வருஷத்தை ஊரார் மறைக்கவில்லை. ஆகையால் புதுக்கோபுரத்தில் பொய் சிறிதும் இல்லை. சிவகங்கை மண்டபத்துச் சிலைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

அன்பினால் மூலத்தையே திருத்தினவரும் இங்கே உண்டு. குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கம்பனிடத்திற் கொண்ட அளவிறந்த காதலால், இவை கம்பன் வாக்கல்ல என்று தம் செவிக்குப் பட்ட பாடல்களை நீக்கியும் சொற்களைத் திருத்தியும் பதிப்பித்தார். பண்டிதர்கள் வெகுண்டார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்ததென்றாலும், பெருங்கேடு ஒன்றும் விளையவில்லை. ஏனெனில் ஏடுகளும் மற்றப் பதிப்புகளும் அப்படியே இருந்தன, வேண்டுவோர் ஒப்பிட்டுக்கொண்டார்கள். அகழ்வைப்பகத்துப் பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வாள் ஒன்றே, சீட்டும் ஒன்றே. அதிகாரி தம் ஆசையை அதில் எழுதிவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதி எங்கும் கிடையாது. அன்பின் மிகுதியாற் செய்யும் திருத்தம் புத்தகத்தில் பொறுக்கத்தக்கது; பொருட்காட்சிப் பேழையில் பொறுக்கத்தக்கதன்று.

பரணில் கிடைத்த வாளின் கீழ், ‘இவ்வீட்டார் இதனை வேலுநாச்சியாரின் வாள் என்று தலைமுறையாக நம்பி வருகின்றனர், வேறு சான்று இதுவரை கிடைக்கவில்லை’ என்று எழுதுவதே முறை. அதைப் படிக்கும் சிறுமி ஏமாறவும் மாட்டாள், உற்சாகம் இழக்கவும் மாட்டாள். சான்றைத் தேடிப் புறப்படுகிறவளாகவும் அவள் வளரலாம்.

தென்காசிச் சீமையில் யார் வீட்டிலேனும் பழைய ஆயுதமோ ஏட்டுக்கட்டோ கிடக்குமானால், அதை ஆற்றில் விடாமலும் பழைய இரும்புக்குப் போடாமலும் தொல்லியல் துறையாரிடம் காட்டுங்கள். காட்டும்போது, அது யாரிடமிருந்து வந்தது, உங்களுக்குச் சொன்னவர் யார், உங்களுக்குத் தெரியாதது எது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கூடவே கொடுங்கள்.