எண்ணிக்கையும் மதிப்பும்

கொட்டிவாக்கம் குப்பத்துக் கரையில் மீன் ஏலம் நடப்பதாகக் கொள்வோம். வந்திருப்பது பத்துக் கூடை. வாங்குவோர் மடியிலுள்ள பணம் ஒரே இரவில் இரட்டிக்கிறது. மீன் பெருகாது; விலைதான் ஏறும். மீனும் இரட்டித்தால் விலை ஏறாது. பணப்பெருக்கம் பற்றிய பொருளியல் கோட்பாட்டின் சாரம் இதுவே.

கெய்ரோவின் அல்லாமா மக்ரீஸீ (ரஹ்) அவர்கள் 1405இல் எழுதிய நூலில், பஞ்சத்துக்கும் விலையேற்றத்துக்கும் கூறிய மூன்று காரணங்களுள் ஒன்று, செப்புக் காசை அளவின்றி அடித்தது. நம் காலத்தில் இலங்கையிலும் அரசின் பற்றாக்குறையை மத்திய வங்கி புதுப்பணத்தால் ஈடுகட்டிற்று. இறக்குமதித் தட்டுப்பாடும் சேரவே, 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கிற்று.

அளவையில் குறைப்போரைத் திருமறை எச்சரிக்கிறது. பணமும் ஓர் அளவைதானே! அது குறுகும்போது நம் இல்லங்களிலும் ஒரு கேள்வி எழுகிறது. 1975இல் 501 ரூபாய் மஹர் எழுதி, இன்றளவும் கொடாதிருப்பவர் அதே 501 ரூபாயை நீட்டினால் கடன் தீருமா?

செப்புக் காசின் மதிப்பு மாறினால் ஒப்பந்த நாளின் மதிப்பைத் தரவேண்டும் என்றார்கள் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்). ஆனால் 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, கடனை எண்ணிக்கைப்படியே தீர்க்கவேண்டும், விலைவாசியோடு பிணைத்தல் ஆகாது என முடிவு செய்தது.

சட்டம் எண்ணிக்கையோடு நிற்கலாம். நம் மனச்சான்று அங்கே நிற்கலாமா? முன்நிபந்தனையின்றி உவந்து கூட்டிக் கொடுப்பது வட்டியன்று. ஓர் ஒட்டகக் கடனுக்கு அதனினும் சிறந்த ஒட்டகத்தையே நபி (ஸல்) அவர்கள் கொடுத்தார்கள். பழைய மஹரை மதிப்பறிந்து கொடுப்போம். புதிய நிக்காஹ்களில் பொன்னின் எடையில் எழுதுவோம். வல்லாஹு அஃலம்.