மலிவான ரிவால்வரும் மலிவாகாத பொறுப்பும்

பயம் மனிதனுக்கு இயற்கை. பயந்தவன் தன்னைக் காத்துக்கொள்ள வழி தேடுவதும் இயற்கையே. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறோம். பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறோம். இருட்டு வழியில் தனியே போகாதே என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுகிறோம். இவற்றை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் தாழ்ப்பாளும் பூட்டும் ஒருவரையும் கொல்ல மாட்டா. ஓர் உயிரை நொடியில் போக்கிவிடக்கூடிய பொருளைத் தற்காப்பின் பெயரால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் நடமாடும் இடத்தில் நாமும் நடமாடலாமா என்று கேட்டால், அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது.

நம் நாடுகளில் இந்தக் கேள்வி அநேகமாக எழுவதில்லை. மலேசியாவில் 1971-ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டிலும் துப்பாக்கிக் குற்றங்களுக்கென்றே கடுமையான சட்டங்கள் இயற்றப்பட்டன. நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைப் போலீஸ்காரர் இடுப்பிலும் சினிமாவிலும் பார்த்ததோடு சரி. ஆயினும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் படிப்பையும் தொழிலையும் முன்னிட்டு அமெரிக்கா சென்றிருக்கிறார்கள். அந்நாட்டுப் பிரஜைகளாகவே ஆகிவிட்டவர்களும் உண்டு. அங்கே இது அன்றாடக் கேள்வி. “துப்பாக்கி எனக்குப் புதிது. கையில் பணமும் அதிகமில்லை. உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளத் தக்க சின்ன ரிவால்வர் எது?” என்று கடைக்காரரிடம் கேட்கிறார்கள். கேட்பவருக்கு இது வெறும் சாமான் வாங்கும் விஷயம். நாம் இதை ஓர் ஒழுக்கப் பிரச்னையாக எடுத்துக்கொண்டு சற்று யோசிப்போம்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்த்துவிடுவோம். வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனி மனிதனின் உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் உரிமையே என்று 2022-இல் தீர்ப்பளித்தது. இன்று அங்குள்ள மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், சட்டத் தடை எதுவும் இல்லாத வயது வந்தவர் அனுமதிச் சீட்டின்றியே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் சென்றவர்களுக்கோ, சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். நம் பிள்ளைகள் இதை நன்றாக அறிந்திருக்க வேண்டும். இவ்வளவும் ‘செய்யலாமா’ என்பதற்கு விடை. ‘செய்யத் தகுமா’ என்பது வேறு கேள்வி. அதற்கு நீதிமன்றம் விடை சொல்லாது.

கேட்பவர் யார்?

இப்படிக் கேட்பவரை ரௌடி என்றோ, சண்டைக்கு அலைபவர் என்றோ நாம் எண்ணிவிடக் கூடாது. நடுநிசியில் கடையை அடைத்துவிட்டு அன்றைய வசூலோடு பஸ்ஸுக்கு நடக்கும் சிப்பந்தியாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் இராவேலை முடித்துத் தனியே திரும்பும் பெண்ணாக இருக்கலாம். பிரிந்துபோன கணவனின் மிரட்டலுக்கு அஞ்சி வாழ்பவளாக இருக்கலாம். செல்வந்தர் வீட்டுக்கு மதிலும் காவலாளியும் உண்டு. அவர் துப்பாக்கியைத் தொடாமலே துப்பாக்கியின் பாதுகாப்பில் உறங்குகிறார். ஏழை மாத்திரம் ஆயுதத்தை வெறுக்கும் உத்தமனாக இருக்க வேண்டும் என்று சொல்வது என்ன நியாயம்?

இந்த நியாயத்துக்குச் சரித்திரச் சான்றும் உண்டு. 1956 ஜனவரியில் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அதன்பின் அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு மனுச் செய்தார். அனுமதி மறுக்கப்பட்டது. உண்மையான ஆபத்து அவரைவிட யாருக்கு அதிகம் இருந்தது? ஆனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்ற தீர்மானம் அதிகாரிகளின் விருப்பத்தில் இருந்தது. அவர்கள் கறுப்பருக்குக் கொடுக்க விரும்பவில்லை. பிறகு 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளையாட்டுக்கோ வேட்டைக்கோ உதவாத சிறிய, மலிவான கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியை அடைத்தது. உள்நாட்டில் செய்வதை அது தடுக்கவில்லை. குற்றத்தைக் குறைக்கவே இது என்றனர் சிலர். ஏழையின் கைக்கு எட்டியதைப் பறிக்கவே இது என்று குறைகூறியவர்களும் உண்டு. ஆகவே ‘மலிவானது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை.

பொருளின் இயல்பு

இனி அந்தப் பொருளையே பார்ப்போம். அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் 1836-இல் ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் உருளையில் ஐந்து அல்லது ஆறு தோட்டாக்கள். விசையை இழுக்க இழுக்க உருளை சுழன்று ஒவ்வொன்றாக வெடிக்கும். கோல்ட் கம்பெனி 1927-இல் துப்பறிவோருக்கென்று குட்டைக் குழல் ரிவால்வர் ஒன்றைச் செய்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1950-இல் அதைவிடச் சிறிதாக ஐந்து தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்தது. இன்று பிரேசிலில் தோன்றிய டாரஸ், அமெரிக்காவின் சார்ட்டர் ஆர்ம்ஸ், ரூகர் முதலிய கம்பெனிகளும் இவ்வகையைச் செய்கின்றன. விலை ஏறத்தாழ 300 டாலரிலிருந்து 600 டாலர் வரை.

புதியவருக்கு ரிவால்வரைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. இயக்கம் எளிது. தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதை உருளையைத் திறந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். இவை மெய்யான நன்மைகளே.

ஆனால் கடைக்காரரில் எல்லாரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. சின்ன ரிவால்வர் சுமப்பதற்கு எளிது; சுடுவதற்குக் கடினம். அலுமினியத்தால் ஆனது 15 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 425 கிராம்தான் இருக்கும். துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு பலமாகக் கையை உதைக்கும். குழல் இரண்டு அங்குலமே இருப்பதால் குறி பார்க்கும் தூரம் குறுகி, கண்ணின் சிறு பிழையும் இலக்கில் பெரும் பிழையாகிவிடும். அதன் விசையை இழுக்கப் பன்னிரண்டு ராத்தல் அளவு பலம் வேண்டியிருக்கும். பயிற்சியில்லாத விரல் இழுக்கும்போது துப்பாக்கியே திசை மாறும். உதைக்கு அஞ்சிய புதியவர் பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுகிறார். பிறகு அதையே தைரியமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்! உண்மையில் இது தேர்ந்தவர் கைக்கு உரிய கருவி. விலையையும் அளவையும் பார்த்து முதலில் வாங்குகிறவரோ புதியவர்.

ஆகவே விஷயம் தெரிந்தவர்கள், புதியவர் சற்றுக் கனமான எஃகு ரிவால்வரை வாங்குவதே நல்லது என்கிறார்கள். இருபது அவுன்ஸுக்கு மேற்பட்டது உதையைத் தாங்கும். பழையதை வாங்கினால் உருளை ஆடுகிறதா, குழலோடு நேராக நிற்கிறதா என்று தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். மிகப் பழைய சில வகைகள் கீழே விழுந்தாலே வெடிக்கக் கூடியவை; அவற்றைத் தவிர்க்க வேண்டும். விசையை முழுவதும் மூடும் உறையில்தான் அதை வைக்க வேண்டும். அதே பையில் சாவியோ சில்லறையோ இருக்கக் கூடாது. உறைக்குப் பணம், வீட்டில் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டிக்குப் பணம், ஆசிரியருக்குப் பணம், மாதந்தோறும் பயிற்சித் தோட்டாக்களுக்குப் பணம்! ஓராண்டில் இந்தச் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும். 300 டாலர் என்பது வாயிற்படி. வீடு இன்னும் உள்ளே இருக்கிறது.

மீதி விலையைக் கொடுப்பவர் யார்?

இந்த இடத்தில்தான் நம் கேள்வியின் உயிர் இருக்கிறது. மலிவான சைக்கிளை வாங்கினால் அதன் கஷ்டம் வாங்கியவனோடு போகும். ரிவால்வர் அப்படியல்ல. பயிற்சிக்குச் செலவழிக்காமல் ஒருவர் மிச்சம் பிடித்த பணத்தைக் கடைசியில் யார் கட்டுகிறார்? குறி தவறிய தோட்டா காற்றில் கரைந்துவிடுவதில்லை. எதிர்ச் சுவரையோ, சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தையையோ போய்ச் சேருகிறது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அந்நியர் இந்த வியாபாரத்தில் சம்மதம் தெரிவித்தவரல்லர். அவரைப் பணயமாக வைத்து நாம் சிக்கனம் செய்ய நமக்கு என்ன அதிகாரம்? ஆயுதம் தரிக்கும் உரிமை தனி மனிதனுடையதாக இருக்கலாம். அதனால் வரும் ஆபத்து பொதுச்சொத்தாகிவிடுகிறது. உரிமையைத் தனக்கும் ஆபத்தைப் பிறருக்கும் பங்கிடுவது நேர்மையாகாது.

வெளியாரை விடுவோம், வீட்டாரைப் பார்ப்போம். 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்கென்று வாங்கிய துப்பாக்கி, மனம் உடைந்த ஒரு நள்ளிரவில் வீட்டுக்காரரையே பார்க்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2020-இல் ஒரு மருத்துவ ஏட்டில் முடிவு வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திராத ஆண்களைக் காட்டிலும் வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம் ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களில் முப்பத்தைந்து மடங்கு. துப்பாக்கி ஒன்றே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மற்ற வழிகளில் முயன்றவர்களில் அநேகர் பிழைத்து, மனம் மாறி, நெடுநாள் வாழ்கிறார்கள். துப்பாக்கி அந்த அவகாசத்தைக் கொடுப்பது அரிது.

தற்காப்பில் துப்பாக்கியால் உயிர் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். இதை மறைப்பது நியாயமன்று. ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதில் அந்நாட்டு அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒரு சாரார் பல இலட்சம் என்கிறார்கள். வேறொரு சாரார் ஓர் இலட்சத்துக்கும் கீழே என்கிறார்கள். எண்ணிக்கை எதுவானாலும், அவர்களில் ஒருத்தியாக நம் மகள் இருந்தால் நாம் என்ன சொல்வோம்? அதனால்தான் இதற்கு ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை.

மனத்துக்கு என்ன நேருகிறது?

ஆயுதம் இடுப்பை மட்டும் கனக்கச் செய்வதில்லை, மனத்தையும் மாற்றுகிறது. வெறுங்கையோடு இருப்பவர் வழியில் ஒருவன் ஏசினால் ஒதுங்கிப் போவார். இடுப்பில் ரிவால்வர் இருக்கும்போது ‘நான் ஏன் ஒதுங்க வேண்டும்?’ என்ற எண்ணம் தலைதூக்கும். உண்மையிலோ முறை தலைகீழாக இருக்க வேண்டும். ஆயுதம் தரித்தவர்தான் எல்லாரினும் முந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும். வழி விட வேண்டும். வாய்ச்சண்டை ஒவ்வொன்றிலும் தோற்றுப்போகக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் கலந்துகொள்ளும் எந்தச் சச்சரவிலும் ஒரு துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறதே! இந்தப் பொறுமை கடையில் கிடைக்காது.

டாக்டர் கிங்கின் கதைக்குத் திரும்புவோம். அனுமதி கிடைக்காதவர் பிறகு வீட்டில் இருந்த துப்பாக்கியையும் அகற்றிவிட்டார். அது வீட்டில் இருந்த காலத்தில்தான் தமக்குப் பயம் அதிகம் இருந்தது என்று பின்னாளில் அவரே கூறினார். ஆயுதம் பயத்துக்கு மருந்து என்று நினைக்கிறோம்; சிலருக்கு அது பயத்தை நாள்தோறும் நினைவூட்டும் மணியாகிவிடுகிறது. ஆனாலும் அவருடைய உயர்ந்த முடிவை நடுநிசியில் நடக்கும் கடைச் சிப்பந்தியின்மேல் கட்டளையாகச் சுமத்த நமக்கு உரிமை இல்லை. தியாகம் தானே தேர்ந்துகொள்ள வேண்டியது. பிறருக்கு விதிக்கக் கூடியதன்று.

அப்படியானால் கேட்டவருக்கு நாம் என்ன சொல்லலாம்? கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். முதற்கேள்வி: என் பயத்துக்குப் பெயர் உண்டா? இன்ன ஆள், இன்ன இடம், இன்ன நேரம் என்று சொல்ல முடிந்தால், வழியை மாற்றுவது, துணை தேடுவது, முதலாளியிடம் வேலை நேரத்தை மாற்றக் கேட்பது, நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெறுவது ஆகிய வழிகள் முதலில் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது: பயிற்சிக்கு மாதந்தோறும் பணமும் பொழுதும் ஒதுக்குவேனா? மூன்றாவது: என் வீட்டில் குழந்தையோ, கோபக்காரரோ, மனம் சோர்ந்தவரோ இருக்கிறார்களா? அந்தச் சோர்ந்தவர் நானேயா? இம்மூன்றுக்கும் உண்மையான விடை சொன்ன பிறகு, நாலாவதாகக் கேட்கட்டும்: எந்த ரிவால்வர், என்ன விலை? முதல் மூன்றிலேயே ஒருவர் நின்றுவிட்டால் அவர் கோழையல்லர். வாங்காமல் திரும்பி வருவதும் வீரமுள்ள ஒரு தீர்மானமே.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் பெண்கள் இரவு பத்து மணிக்கு எம்.ஆர்.டி நிலையத்திலிருந்து வெறுங்கையோடு நடந்து வீடு சேர்கிறார்கள் என்றால், அது நாம் அமெரிக்கரைவிட நல்லவர்கள் என்பதனாலன்று. தெருவிளக்கு, ரோந்து, சட்டம், அண்டை வீட்டாரின் கண் ஆகிய பொதுக் காவலுக்கு நாம் எல்லாரும் சேர்ந்து விலை கொடுக்கிறோம். அந்தப் பொதுக் காவல் எங்கே தளர்கிறதோ, அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியே தம் காவலை விலைக்கு வாங்க வேண்டியதாகிறது. ஏழை அதையும் மலிவாகத் தேட வேண்டியதாகிறது. ஏழை ஒருவர் சின்ன ரிவால்வரின் விலையைக் கேட்கும்போது, அவரைச் சுற்றியுள்ள சமூகம் தன் கடமையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்கிறார். அக்கரையில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்கள் இதைப் பற்றி அவர்களோடு மனம் விட்டுப் பேசுவார்களாக. இக்கரையில் இருக்கும் நாம், நம் தெருவின் பாதுகாப்பு யாரோ ஒருவருடைய வேலை என்று விட்டுவிடாமல் நம்முடையதாக எண்ணிச் செய்வோமாக.