புறப்பரப்பு

புளியந்தோப்பில் பிறந்த நான், வேலைக்கு மனுப் போட்ட நாட்களில் முகவரியில் பெரம்பூர் என்றே எழுதினேன். பெரிய பொய்யில்லை, பக்கத்துப் பேட்டைதான். ஆனால் ஊர்ப் பெயர் மாறினால் ஆள் மாறிவிடுகிறானா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டபாடில்லை.

இதே கேள்வியை உயிரியல் வேறொரு தளத்தில் கேட்டிருக்கிறது. ஹெச்.எல்-60 என்பது ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் உடலிலிருந்து எடுத்து, அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட செல் வரிசை, 1977-ல் அறிவிக்கப்பட்டது. முதிர மறுத்து ஓயாமல் பிரிந்துகொண்டேயிருப்பதுதான் அதன் நோய். 1980-ல், வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். சில நாட்களில் செல்கள் முதிர்ந்தன, பிரிவதை நிறுத்தின, சாகவும் கற்றுக்கொண்டன. புறப்பரப்பும் மாறியது. இரும்பை உள்வாங்க உதவும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகள் குறைந்தன. முதிர்ந்த வெள்ளையணுவுக்குரிய சிடி11பி என்ற புரதம் தோன்றியது.

இந்த அடையாளம் வேஷமல்ல. உள்ளே ஜீன்களின் இயக்கம் மாறியதன் விளைவு. ஆனால் முழு உண்மையுமல்ல. இயல்பான வெள்ளையணுவில் இருக்கும் லாக்டோஃபெரின் இவற்றில் இருப்பதில்லை. ஆகவே ஆய்வாளர் பரப்போடு நின்றுவிடுவதில்லை. செல்லைத் தூண்டிவிட்டு ஒரு மஞ்சள் சாயத்தைக் கொடுக்கிறார். கிருமியைக் கொல்லும் வேலையை அதனால் தொடங்க முடிந்தால் சாயம் கருநீலமாகிறது.

கவுண்டரில் கையெழுத்துச் சரிபார்ப்பது என் தொழில். கை நடுங்கிய ஒரு பெரியவரின் செக்கை, மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்று திருப்பியிருக்கிறேன். முகவரியால் அளக்கப்பட்டவன்தான் கையெழுத்தால் அளந்தேன். பரப்பைப் பார்க்காமல் வாழ முடியாது, பார்ப்பது குற்றமுமல்ல. பார்த்ததையே தீர்ப்பாக்குவதுதான் குற்றம் என்று எனக்குப் படுகிறது. அவரை உட்காரவைத்து, இன்னொருமுறை போடுங்கள் ஐயா என்று சொல்லியிருக்கலாம்.

1985-ல் ஷாங்காயில் வாங் ஸென்யீ என்ற மருத்துவர், ஒருவகை ரத்தப் புற்றுநோய் கண்ட சிறுமிக்கு இந்த அமிலத்தின் ஒரு வடிவத்தைக் கொடுத்தார். செல்லைக் கொல்லாமல் முதிரவைக்கும் வைத்தியம், சிறுமி பிழைத்தாள்.

எங்கள் தெருவை நோய் என்று நான் சொல்லவரவில்லை. நோயுற்ற செல்லுக்கே ஒரு வேலை கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆய்வுக்கூடம் முடிவு சொல்கிறது. நம் அலுவலகங்கள் முதல் வரியில் புளியந்தோப்பு என்று படித்ததுமே மனுவை மூடிவிடுகின்றன. சாயம் கொடுக்கப்படவேயில்லை, நிறம் மாறவில்லை என்கிறோம்.