பிணக்குவியலில் தலை தூக்கிய ஆடு



ஆரணிக்கு அருகிலுள்ள திருமலையில் 16 அடி உயரத்தில் நின்றருளும் நேமிநாத பகவானைத் தரிசிக்காத தமிழ்ச் சமணக் குடும்பம் அரிது. அவருடைய சரிதத்தை நாம் அனைவரும் அறிவோம். மணக்கோலத்தில் தேரேறி வருகின்றார். வழியில் பட்டியில் அடைபட்ட விலங்குகளின் ஓலம் கேட்கின்றது. திருமண விருந்தின் பொருட்டு அவை அடைக்கப்பட்டுள்ளன என்று அறிந்த அக்கணமே வைராக்கியம் பிறக்கின்றது. விலங்குகள் விடுபடுகின்றன; தேர் திரும்புகின்றது; பகவான் ஊர்ஜயந்தகிரியை நோக்கிச் செல்கின்றார். மணமகளாகக் காத்திருந்த இராஜமதியும் அவ்வழியே துறவு பூணுகின்றார்.

இச்சரிதத்தை ஒருமுறை எங்கள் ஜிநாலயத்தில் கூறி முடித்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி, "அந்த மான்கள் எல்லாம் எங்கே போயின, தாத்தா?" என்று வினவினாள். காட்டிற்குப் போயிருக்கும் என்றேன். "நடக்க முடியாத மான் ஒன்று இருந்திருந்தால்?" என்றாள். என்னிடம் விடையில்லை. புராணம் பகவானைப் பின்தொடர்ந்து மலையேறிவிடுகின்றது. பட்டியின் வாயிலில் எவரும் நிற்பதில்லை. பகவான் துறவறம் ஏற்றார். அது அவருக்குரிய நெறி. இல்லறத்தாராகிய நாம் மலையேறாமல் கீழே நிற்பவர்கள். ஆகவே அச்சிறுமியின் கேள்வி நமக்கு உரியது.

இக்கேள்விக்கு வாழ்க்கையாலேயே விடை தேடிய ஒரு தம்பதியரைப் பற்றி இங்குக் கூற விரும்புகிறேன். அவர்கள் ஜைனர் அல்லர். நம் நாட்டினரும் அல்லர். அமெரிக்க நாட்டினராகிய ஜீன், லோரி எனும் இருவர் அவர்கள். விலங்குகளின் மீது கொண்ட அன்பே அவ்விருவரையும் ஒரே பணியில் பிணைத்தது. 1986ஆம் ஆண்டு, பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டரில் இருந்த பெரிய கால்நடைச் சந்தை ஒன்றின் நிலையை நேரில் கண்டு பதிவு செய்யச் சென்றார்கள். சந்தையின் பின்புறத்தில் இறந்த கால்நடைகளைக் குவித்து வைத்திருந்தனர். நெடுந்தூரம் லாரியில் நெருக்கி ஏற்றி வரப்பட்டு, வழியில் வீழ்ந்தவை அவை. ஈக்கள் மொய்க்கும் அக்குவியலை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதிலிருந்த ஒரு செம்மறி ஆடு தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தது.

இனிப் பயன்படாது என்று கருதி, உயிர் இருக்கும்போதே அதைப் பிணங்களோடு எறிந்திருந்தார்கள். இருவரும் அதைத் தூக்கித் தம் வண்டியில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். பிழைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கே இல்லை. ஆனால் சிகிச்சை பெற்ற சிறிது நேரத்தில் அது எழுந்து நின்றது! ஹில்டா என்று பெயரிட்டு வீட்டிற்கு அழைத்து வந்தார்கள்.

வீடு என்றால் பண்ணை வீடு அன்று. நகரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு வீடுகளில் ஒன்று. கையில் பொருளும் இல்லை. இசைக்கச்சேரிகள் நடைபெறும் இடங்களுக்குப் பழைய வேன் ஒன்றில் சென்று, இறைச்சி கலவாத சைவ ஹாட் டாக் என்னும் தின்பண்டத்தை விற்றுப் பணம் சேர்த்தார்கள். சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்யும் ஒருவருடைய நிலத்தில் சிலகாலம் இடம்பெற்று விலங்குகளைப் பேணினார்கள். பின்னர் 1990ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் என்னும் சிற்றூருக்கு அருகே 175 ஏக்கர் பண்ணை அமைந்தது. ஃபார்ம் சாங்ச்சுவரி, அதாவது பண்ணைப் புகலிடம், என்பது அவர்கள் நிறுவிய அமைப்பின் பெயர். அந்நாட்டில் கால்நடைப் பண்ணை என்றால் விற்பனைக்காக வளர்க்கும் இடம் என்றே பொருள். இங்கு வரும் ஆடும் மாடும் பன்றியும் கோழியும் விற்கப்படுவதில்லை. மூப்பெய்தும் வரை இருக்கலாம்.

கேட்பதற்கு இனிதாக இருக்கின்றது. ஆயின் அவ்வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். வெண்பனி முழங்கால் அளவு பெய்யும் ஊர் அது. உறைபனியிலும் தண்ணீர் வைக்க வேண்டும். சாணம் வார வேண்டும். குளம்பு சீவ வேண்டும். நோயுற்றதன் அருகில் இரவு விழித்திருக்க வேண்டும். ஆகாரம், ஔஷதம், அபயம் என்று நாம் வாயால் எண்ணிச் சொல்லும் தானங்களை அவர்கள் சாணிக் கூடையோடு செய்தார்கள்.

சிராவகர்க்குரிய அகிம்சாணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பினைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இப்பட்டியலில் கொலை இல்லை என்பதைக் கவனியுங்கள். கொல்லாதவன் செய்யும் குற்றங்களைக் கூறும் பட்டியல் இது. தொழுவத்தை நன்கு அறிந்த ஒருவர்தாம் இவ்வாறு வகுத்திருக்க இயலும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பாரம் ஏற்றுதல் என்றவுடன் மூட்டை அடுக்கிய வண்டியே நம் நினைவுக்கு வரும். இன்றைய இறைச்சித் தொழிலில் வளர்க்கப்படும் வான்கோழியின் நிலை வேறு. சதை விரைவில் பெருக வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கிய இனம் அது. வளர வளர அதன் கால்கள் அதன் உடலைத் தாங்க மாட்டா. இயற்கையாக இணை சேரவும் அதனால் இயலாது. வெளியிலிருந்து எவரும் பாரம் ஏற்றவில்லை; அதன் உடலையே அதற்குப் பாரமாக்கிவிட்டார்கள். புகலிடத்திற்கு வரும் வான்கோழிகளுக்கு உணவை அளந்து வைக்க வேண்டியிருக்கின்றது. அன்புடையவன் அள்ளிக் கொடுக்கவும் இயலாத நிலை.

உணவும் நீரும் மறுத்தல் பற்றி அந்நாட்டில் ஒரு சட்டம் உண்டு. 28 மணி நேரத்திற்கு மேல் கால்நடைகளை இறக்கி உணவும் நீரும் ஓய்வும் கொடுக்காமல் வண்டியில் கொண்டு செல்லலாகாது என்பது அது. முதன்முதலில் 1873இல் இயற்றப்பட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டி மேலும் நான்கு மணி நேரம் தாகத்தோடு நிற்கலாம் என்று ஒரு நாடு கணக்கிட்டது! ஹில்டா கிடந்த குவியல் எவ்வாறு உண்டாயிற்று என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

இத்தம்பதியர் புகலிடம் நடத்துவதோடு நின்றுவிடவில்லை. எழ இயலாது வீழ்ந்த கால்நடைகளை இழுத்துச் செல்லும் வழக்கத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். கலிபோர்னியா மாநிலம் 1994இல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. நிற்க இயலாத வளர்ந்த மாடுகளை உணவிற்காக அறுப்பதற்கு 2009இல் நாடு முழுவதும் முற்றிலும் தடை வந்தது. மாட்டிறைச்சி வழியே நோய் பரவும் என்ற அச்சமும் அத்தடைக்கு ஒரு காரணம். கருணை ஒன்றே காரணம் என்று நான் கூறினால் அது பொய்யாகும்.

பிற்காலத்தில் ஜீனும் லோரியும் மணவாழ்வில் பிரிந்தார்கள் என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். லோரி 2005இல் கலிபோர்னியாவில் வேறொரு புகலிடம் கண்டார். இருவரும் பிரிந்தனரேயன்றி, ஏற்ற பணியை இருவரில் எவரும் கைவிடவில்லை.

இனி நம் செய்தி. சாகும் நிலையில் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதினான், அது தேவனாகப் பிறந்தது என்று சிந்தாமணிக் கதையைப் பெருமையோடு சொல்கின்றோம். சமவசரணத்தின் பன்னிரண்டு சபைகளுள் விலங்குகளுக்கும் ஒன்று உண்டு என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். இரவில் உண்பதில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் வேளாண் குடியினர், தொழுவம் வைத்தவர்கள். கறவை வற்றிய பசுவை என்ன செய்கின்றோம்? டிராக்டர் வந்தபின் காளைக் கன்று பிறந்தால் வீட்டில் முகம் சுளிப்பவர் இல்லையா?

பிறரைக் கேட்குமுன் என்னைக் கூறுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் உழைத்து ஓய்ந்த மயிலைக்காளை ஒன்றைச் சந்தையில் விற்றேன். தரகர் துண்டால் கையை மறைத்து விரல் பிடித்து விலை சொன்னார். அடிமாட்டு விலை என்பது விரலைத் தொட்டவுடனே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் தலையசைத்தேன். வீட்டிற்கு வந்து, பொழுது சாயுமுன் உண்ண வேண்டும் என்று அவசரமாக இலை போடச் சொன்னேன். என் மனைவி, "எங்கே அது?" என்று மட்டும் கேட்டாள். அன்று அவள் உண்ணவில்லை.

ஏழை உழவன் பயன்தராத மாட்டை எவ்வாறு தீனி போட்டுக் காப்பான் என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. தனியொருவனால் இயலாததை ஊர் செய்யலாம். சென்னை அயனாவரத்தில் வடநாட்டுச் சமணப் பெருமக்களின் ஆதரவில் பிஞ்சரபோல் நெடுங்காலமாகப் பசுக்களைக் காத்து வருகின்றது. நம் ஊர்களில் ஜிநாலயத்திற்கு நிலம் உண்டு, வைக்கோல் உண்டு. ஒரு கொட்டகையும் ஆண்டுக்கு இத்தனை கட்டு என்று வீட்டுக்கு ஒரு பங்கும் வைத்தால் பத்து மாடுகளைக் காக்கலாகாதா? அடுத்த பொதுக்குழுவில் இதை எவரேனும் முன்மொழிய வேண்டும். பாலையே விடவேண்டும் என்று அந்தத் தம்பதியர் சொல்வர். கன்றுக்குரியதை நாம் எடுத்துக்கொள்வது தகுமா என்ற அவர்களுடைய கேள்விக்கு என்னிடம் எளிய விடை இல்லை. அபிஷேகப் பால் கையில் ஏந்தும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகின்றது.

ஹில்டா அவர்களுடன் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1997இல் மூப்பினால் இறந்தது. அப்பண்ணை மண்ணிலேயே அதை அடக்கம் செய்தார்கள்.

எங்கள் தொழுவத்தில் இப்பொழுது ஒரு பசு நிற்கின்றது. கன்று ஈன்று நான்கு ஆண்டுகள் ஆயின. சாணம் தவிர வேறொன்றும் தருவதில்லை. தரகர் இருமுறை வந்து திண்ணையில் அமர்ந்து மோர் குடித்துவிட்டுப் போனார். மாலையில் உண்ண அமருமுன் என் மனைவி கொல்லைப்புறம் சென்று, கழுநீர்த் தொட்டி நிறைந்திருக்கின்றதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருகின்றாள். அவள் வந்த பிறகே நான் இலையில் கை வைக்கின்றேன்.