விழுங்கியதே வெளிப்படும்

கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கினால், வெந்நீர் மேலேறுவதும் குளிர்நீர் கீழிறங்குவதுமாக உள்ளே ஓயாத ஓட்டம். அதை வெப்பக் கேமராவால் பக்கவாட்டில் பார்த்தால் திரையில் விழுவது பாத்திரத்தின் சுவர்தான். அந்தக் கேமரா பொதுவாகப் பார்க்கும் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அகச்சிவப்புக் கதிருக்குக் கண்ணாடி கதவடைத்துவிடும். மேலிருந்து பார்த்தாலும் பயனில்லை. 10 மைக்ரான் அலைநீளத்தில் கேமராவை எட்டும் கதிரில் பெரும்பகுதி, தண்ணீரின் மேல் 20 மைக்ரானுக்குள் புறப்பட்டது. தலைமுடியின் தடிமன்கூட இல்லை! அடியில் என்ன கொந்தளித்தாலும் தோல்தான் படமாகும்.

கண்ணாடிக்கு மாற்று உண்டு. ஜெர்மேனியம் உலோகம்போல மின்னும். அதன் பின்னால் விரலை வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெப்பக் கேமராவின் லென்ஸையே பெரும்பாலும் அதில்தான் செய்கிறார்கள். திரவத்துக்கு மாற்று தேடுவதுதான் பெரும்பாடு. மூலக்கூறின் பிணைப்புகள் பெரும்பாலும் தத்தமக்கேற்ற அலைநீளத்தில் அதிர்ந்து கதிரை விழுங்குகின்றன. ஹைட்ரஜனே இல்லாத கார்பன் டெட்ராகுளோரைடும் கார்பன் டைசல்பைடும் அகச்சிவப்பின் பல பகுதிகளுக்கு வழிவிடும். முன்னது கல்லீரலைக் கெடுக்கும். பின்னது 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே தானாகத் தீப்பற்றும். 1860களில் இயற்பியலாளர் ஜான் டிண்டால் அந்தக் கார்பன் டைசல்பைடில் அயோடினைக் கரைத்தார். ஒளி முழுக்க நின்றுவிட்டது, வெப்பம் ஊடுருவியது. அந்த வெப்பக் கதிர்கள் குவிந்த, கண்ணுக்கு இருட்டாயிருந்த இடத்தில் வைத்த பொருள்கள் பற்றியெரிந்தன.

நஞ்சையும் நெருப்பையும் சமாளித்து, எந்தக் கதிரையும் தடுக்காத திரவம் ஒன்று கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். ஓட்டம் தெரியுமா? தெரியாது. எந்த அலைநீளத்தை நன்றாக விழுங்குகிறதோ, சூடான பொருள் அதையே நன்றாக உமிழும் என்பது 1859இல் இயற்பியலாளர் கிர்க்காஃப் வகுத்த விதி. விழுங்காத திரவம் உமிழ்வதும் இல்லை. எவ்வளவு சூடேறினாலும் கேமரா அதைத் தாண்டிப் பின்சுவரைத்தான் காட்டும்.

ஆகவே ஆய்வாளருக்கு வேண்டியது அரைத்தெளிவு. ஓட்டம் சில மில்லிமீட்டர் ஆழமென்றால், கதிரும் ஏறக்குறைய அந்த ஆழத்துக்குள் கரையும்படி திரவத்தையும் அலைநீளத்தையும் பொருத்த வேண்டும். ஆவியாகும் புளோரோகார்பன் துளிகளுக்குள் ஓடும் வெப்ப அலைகள் கேமராவில் சிக்கியது அந்த அரைத்தெளிவால்தான்.

எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்துவதன் தோல் மட்டும் தெரிகிறது. எதையும் நிறுத்தாதது இருப்பதே தெரிவதில்லை. மனமும் அப்படித்தான். படித்ததும் பட்டதும் தடையின்றிக் கடந்துபோகிற மனத்தைத் தெளிந்த மனம் என்று மெச்சிக்கொள்ளலாம். அதிலிருந்து சொந்தமாக ஒரு சொல் பிறக்காது. வருவதில் கொஞ்சத்தையாவது தனக்குள் வாங்கிச் சூடேறுவதற்கே, திருப்பிக் கொடுக்க ஏதாவது இருக்கும்.