கடனில்லாக் கைகள்

முதுமையுற்ற பெற்றோரிடம் சலிப்பின் சிற்றொலியையும் எழுப்பலாகாது என்கிறது திருமறை (17:23). அக்கட்டளை பெற்ற மக்களுக்கு. ஊதியம் பெற்றுப் பணிபுரியும் செவிலியை எது கட்டுப்படுத்தும்?

1893-இல் ஹாரி ஆண்ட்ரூஸ் நாகர்கோவிலில் தொடங்கிய சிறு மருந்தகமே கேதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. அத்தகைய மருத்துவமனைகளில் நம் மாவட்டப் பெண்மக்கள் செவிலியப் பணி பயில்கின்றனர். படுக்கையில் கிடக்கும் முதியவரை இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிடில் புண் தோன்றும் என்பதைப் பாடம் கற்பிக்கும். திருப்புமுன் அவரிடம் ஒரு சொல் கேட்பதை எது கற்பிக்கும்? "உன் தந்தையாக எண்ணிக்கொள்" என்பது போதாது. தந்தையரிடமே சலிப்போர் எத்தனை பேர்!

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் சிகிச்சை நடந்தது. அவர் மகளுமல்லர், மனைவியுமல்லர். பிறவிக் கடன் இல்லாவிடத்தும் மனிதனின் கண்ணியம் கடமையாகிறது. செவிலிக்குக் கற்பிக்க வேண்டியது இதுவே.

ஆனால், அன்பர்களே! தக்கலையிலும் குளச்சலிலும் முதியோரை விட்டுவிட்டு வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிறோம். கடன்பட்ட நாம் காட்டாத பொறுமையைக் கடனில்லாத அப்பெண்ணிடம் எதிர்பார்ப்பது நீதியாகுமா? அவள் கற்க வேண்டிய முதற்பாடத்தை நாம் முதலில் கற்போமாக!